கேளுங்கள், சொல்கிறேன்: மொழிபெயர்த்தால் போதாதா?

கேள்வி: மனச்சோர்வைக் கண்டறியக் கேள்வித்தாள்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை ஆப்பிரிக்க மொழிகளில் மொழிபெயர்த்தால் போதாதா? அந்த மொழிகளில் தனி ஆராய்ச்சி எதற்கு?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மனநலக் கேள்வித்தாளை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போன நாள்வரை. "மனம் தளர்ந்திருக்கிறதா?" என்று வாசித்தேன். "மனசு நல்லாத்தான் இருக்கு, முழங்கால்தான் தளர்ந்துபோச்சு" என்றார் ஒரு பாட்டி. எழுதியவன் நான்தான், குற்றம் பாட்டியுடையது இல்லை.

ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியைப் பாருங்கள். 'குஃபுங்கா' என்றால் யோசிப்பது. அதுவே 'குஃபுங்கிசிசா' என்று நீண்டால் அளவுமீறி யோசிப்பது. "ரொம்ப யோசிக்கிறேன், அதனால்தான் நெஞ்சு வலிக்கிறது" என்பார்கள். அங்கே அது வெறும் அறிகுறி இல்லை, துன்பத்துக்குக் காரணமே அதுதான். அந்நாட்டின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் இந்த மாதிரி சொற்களைக் காதுகொடுத்துக் கேட்டு, 14 'ஆம்/இல்லை' கேள்விகள் கொண்ட ஷோனா கேள்வித்தாளை உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டிலும் குஃபுங்கிசிசா இடம்பிடித்துவிட்டது.

குணத்தை அளப்பதிலும் இதே சிக்கல்தான். தென்னாப்பிரிக்காவில் அன்றைய 11 ஆட்சிமொழிகளையும் பேசுகிற 1,200க்கும் மேற்பட்டவர்களிடம், தன்னையும் தெரிந்தவர்களையும் அவரவர் மொழியில் வர்ணிக்கச் சொன்னார்கள். பிறருக்கு வழிகாட்டுவது, இணக்கமாக இருப்பது, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்று உறவு சார்ந்த வர்ணனைகள் குவிந்தன. மேற்கத்திய உளவியலில் குணத்தை அளக்கப் பயன்படும் ஐந்து குணப் பட்டியலில் இதற்கு இவ்வளவு இடம் கிடையாது. அந்தப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் ஹராரே கதைக்கே வருகிறேன், எனக்கு அதுதான் பிடித்தது. 2006இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மக்களிடம் பேச வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. அந்தப் பெயர் இருந்தால் ஒருத்தரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று பாட்டிமார்கள் அடித்துச் சொல்லிவிட்டார்கள். 'நட்பு பெஞ்ச்' என்று பெயர் மாறியது.