நிக்கோலோ மனுச்சி எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: முகலாயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்து நினைவுக் குறிப்புகள் எழுதிய இத்தாலியர் மனுச்சி யார்? அவர் எழுதியதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

மனுச்சி தான் செய்ததையும் கூடவே இருந்து பார்த்ததையும் எழுதும் இடங்களைப் பெருமளவு நம்பலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வசனத்தோடு எழுதும் இடங்களை ஊரில் உலவிய பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'ஸ்டோரியா டோ மோகோர்' (முகலாயரின் வரலாறு) இரண்டும் கலந்த புத்தகம். எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பதினேழாம் நூற்றாண்டு இந்தியாவை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் வெளிநாட்டவர் எழுத்து வேறு இல்லை என்றே சொல்வேன்.

1638இல் வெனிஸில் பிறந்தவர். ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்ற வெறியில் 1653இல் யாருக்கும் தெரியாமல் ஒரு கப்பலில் ஏறி ஒளிந்துகொண்டார். அந்தக் கப்பலில் பெல்லமான்ட் என்ற ஆங்கிலப் பிரபு இருந்தார். நாட்டை இழந்து நின்ற இரண்டாம் சார்லஸ் மன்னருக்காகப் பாரசீக ஷாவிடம் உதவி கேட்கப் போய்க்கொண்டிருந்தவர். பையனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். துருக்கி, பாரசீகம் எல்லாம் சுற்றி 1656இல் இருவரும் சூரத் வந்து இறங்கினார்கள். அதே வருடம் ஜூன் மாதம், ஆக்ராவிலிருந்து டெல்லி போகும் வழியில் ஹோடல் என்ற ஊரில் பிரபு இறந்துபோனார். துணைக்கு ஆள் இல்லை, கையில் காசில்லை. பிரபுவின் பெட்டிகளை இரண்டு ஆங்கிலேயர்கள் தங்களுக்குத்தான் அதிகாரம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன் டெல்லி வரை போய், பெரிய அதிகாரிகளிடம் வழக்காடி, தன் சொந்தப் பொருளை மீட்டான். மனுச்சி எப்படிப்பட்ட ஆள் என்பது எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

அடுத்து ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவிடம் பீரங்கிப் படை வேலை, மாதம் 80 ரூபாய் சம்பளம். 1658இல் அரியணைக்காகத் தம்பி ஔரங்கசீப்போடு நடந்த சாமுகர் போரில் தாராவின் பக்கம் நின்றார். புத்தகத்தின் இரண்டு முகமும் அந்தப் போர் வர்ணனையிலேயே தெரிந்துவிடும். தாரா யானையை விட்டு இறங்கிக் குதிரையில் ஏறியதும், ஹௌதா என்ற அம்பாரி காலியாக இருப்பதைப் பார்த்த படை தலைவன் செத்துவிட்டான் என்று நினைத்துச் சிதறியதை எழுதுகிறார். அங்கே இருந்தவர், அதை நம்பலாம். ஆனால் தாராவின் தளபதி கலீலுல்லா கான் துரோக எண்ணத்தோடு வந்து "இறங்குங்கள்" என்று தாராவிடம் சொன்ன பேச்சு? பீரங்கி வரிசையில் நின்றவன் காதில் அது விழுந்திருக்க வழியில்லை. தோற்ற முகாமில் அன்றிரவு எல்லோரும் பேசியதுதான் அந்த வசனம். அதற்கும் மதிப்பு உண்டு, வேறு வகையில்.

தோற்ற பிறகும் அவர் தாராவை விடவில்லை. வேஷம் மாற்றிக்கொண்டு பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். சிந்து நதியில் பக்கர் கோட்டையில் பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். தாரா பிடிபட்ட செய்தி வந்து கோட்டை விழுந்தது. ஔரங்கசீப்பிடம் வேலைக்குச் சேரும் வாய்ப்பு வந்தபோது மறுத்துவிட்டார். சம்பளத்துக்குச் சண்டை போட வந்த ஒருவன் இப்படி நடந்துகொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் அந்த விசுவாசத்துக்கு அவருடைய எழுத்து ஒரு விலை கொடுக்கிறது. ஔரங்கசீப்பைப் பற்றி அவர் எழுதும் எதிலும் பழைய வன்மம் இருக்கிறது. தாராவின் வெட்டிய தலையைப் பெட்டியில் வைத்து, சிறையிலிருந்த ஷாஜகானுக்குச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினார் என்ற கதை மனுச்சி சொல்வது. இசைக்குத் தடை வந்தபோது பாடகர்கள் பாடைகளைச் சுமந்து அழுதுகொண்டு போனதும், "இனி சத்தமே வராதபடி ஆழமாகப் புதையுங்கள்" என்று அரசர் சொன்னதும் அவர் புத்தகத்தில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதல் கதையை நான் நம்பவில்லை. இரண்டாவதை நம்பாமலும் இருக்க முடியவில்லை, பாரசீக வரலாற்று நூல் ஒன்றிலும் அது இருக்கிறது. ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். ஷாஜகானையும் மகள் ஜஹானாராவையும் சேர்த்துப் பேசிய அவதூறை அவர் காலத்துப் பிரெஞ்சுப் பயணி பெர்னியர் எழுதிவைத்தார். மனுச்சி அது தரக்குறைவான வதந்தி என்று நேருக்கு நேர் மறுக்கிறார்.

பிறகு அவர் வைத்தியர் ஆனார். எங்கும் படித்துப் பட்டம் வாங்கியதில்லை. லாகூரில் எல்லா வைத்தியர்களும் கைவிட்ட ஒரு பெண்ணுக்கு எனிமா கொடுக்க வேண்டிவந்தது, கருவி கிடையாது. பசுவின் மடியைப் பையாகவும் ஹூக்காக் குழலைக் குழாயாகவும் வைத்துச் சமாளித்ததை அவரே எழுதுகிறார். பெண் பிழைத்தாள், பேர் பரவியது. பின்னாளில் ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலம் வீட்டுக்கே வைத்தியரானார். நாளத்தைக் கீறி ரத்தம் எடுப்பது அன்றைய பெரிய சிகிச்சை. திரைக்கு வெளியே இளவரசியின் கை மட்டும் நீளும். கை முழுக்கத் துணி சுற்றி, நாளம் இருக்கும் இடத்தில் இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்திருக்கும். ஒவ்வொரு முறைக்கும் 200 ரூபாயும் ஒரு மரியாதை உடையும் கிடைக்கும். நாடி பார்க்க அவர் திரைக்குள் கை நீட்டினால் சில பெண்கள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிடுவார்களாம், மெல்லக் கடிப்பார்களாம். வெளி மனிதரோடு ஒரு வார்த்தை பேசுவதற்காகவே நோய் வந்ததாகச் சொல்லிப் படுப்பவர்களும் உண்டு என்கிறார். அந்தப்புரத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கதை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் தனிமை எனக்கு உறைத்தது இந்தப் பத்தியில்தான்.

நடுவில் முகலாயத் தளபதி ராஜா ஜெய்சிங்கிடம் வேலை, சிவாஜியோடு பேச்சு, கோவாவில் போர்த்துகீசியருக்காகத் தூது என்று நிறைய நடந்தது. அதெல்லாம் நீங்களே படிக்க வேண்டியவை. நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் பேசுவதில்லை. 1686இல் ஷா ஆலமிடமிருந்து தப்பி, கோல்கொண்டா வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தவரை, பாண்டிச்சேரியை நிர்வகித்த பிரான்சுவா மார்ட்டின்தான் "கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே இரு" என்று நிறுத்தினார். தாமஸ் கிளார்க் என்பவரின் விதவை எலிசபெத்தை மணந்தார். கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் தோட்ட வீடு, பரங்கிமலையிலும் ஒரு வீடு. மிச்ச வாழ்க்கை முழுக்க இந்தக் கடற்கரையில்தான், வெனிஸுக்கு அவர் திரும்பவே இல்லை.

முகலாயத் தளபதி தாவூத் கான் 1701இல் படையோடு சாந்தோம் வந்து நின்றபோது, புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட் தூது அனுப்பியவர்களில் மனுச்சி ஒருவர். நாணயமானவர், முகலாய அரசவையில் நெடுங்காலம் இருந்தவர், பாரசீகம் நன்றாகப் பேசுவார் என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவேடே அவரைப் பற்றிச் சொல்கிறது. மறு வருடம் தாவூத் கான் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். அந்த மதராஸை உள்ளூர்க்காரராக இருந்து எழுதியவர் மனுச்சி. செஞ்சி முற்றுகையும் முகலாயப் படை கர்நாடகப் பகுதியில் செய்த அட்டூழியமும் அவர் எழுத்தில் இருக்கின்றன. இந்து வழிபாட்டைப் பற்றி அவர் எழுதும் இடங்களில் வெறுப்பும் அரைகுறைப் புரிதலும் தெரிகிறது, எனக்கு அது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே மனிதர்தான் உள்ளூர் ஓவியர்களை வைத்து நம் தெய்வங்களையும் சடங்குகளையும் படங்களாக வரையச் செய்தார். அந்தத் தொகுப்பு இன்றும் வெனிஸ் மார்ச்சியானா நூலகத்தில் இருக்கிறது. முகலாய அரச குடும்பத்தின் உருவப்படத் தொகுப்பு பாரிஸில்.

அவருக்கு நடந்த பெரிய அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் பிரதியைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். அது கத்ரு என்ற ஏசுசபைப் பாதிரியார் கைக்குப் போனது. அவர் 1705இல் அதை வெட்டி, மற்றவர்கள் எழுதியதோடு கலந்து, தன் பெயரில் வரலாறாகவே வெளியிட்டுவிட்டார். மனுச்சி தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதெல்லாம் போய்விட்டது. கொதித்துப்போன கிழவர், தன்னிடம் இருந்த பிரதியை வெனிஸ் செனட்டுக்கு அனுப்பி, அதையாவது அச்சிடும்படி கேட்டுக்கொண்டார். யாரும் அச்சிடவில்லை. இருநூறு வருடம் கழித்து, வங்காள சிவில் சர்வீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் இர்வின் பெர்லினிலும் வெனிஸிலும் இருந்த பிரதிகளைத் தேடிப் பிடித்து, 1907-08இல் நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

அந்த நான்கு தொகுதிகளும் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் தொகுதியில் தைமூர் தொடங்கிப் பழைய அரசர்களைப் பற்றி வருவதெல்லாம் செவிவழிச் செய்தி, தாண்டிவிடலாம். பயணத்தையும் தாராவின் போரையும் படியுங்கள். சென்னைக்காரர்கள் கடைசி இரண்டு தொகுதிகளிலிருந்தே தொடங்கலாம். இர்வினின் அடிக்குறிப்புகளை மட்டும் விடாதீர்கள். மனுச்சி தேதியில் தடுமாறும் இடங்களை அவர் பாரசீக நூல்களோடு ஒப்பிட்டு அங்கேயே திருத்திவிடுகிறார்.