பாடமாக்கிய ஆங்கிலச் சொல் எழுதும்போது ஏன் வருவதில்லை?

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டுக் கம்பஸ் தொடங்கக் காத்திருக்கிறேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில்தானாம். நாளுக்கு இருபது கடினமான சொற்களைத் தமிழ்க் கருத்துடன் கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். ஒரு கிழமைக்குள் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் குறையில்லை, தங்கச்சி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கிச் சோதித்து 1885இல் முடிவை வெளியிட்டார். மீட்டிப் பார்க்காவிட்டால் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. இது எல்லோருக்கும் பொது.

முதலில் இருபதை ஐந்தாக்குங்கள். எந்த ஐந்து என்பதுதான் பெரிய விஷயம். 'கடினமான சொற்கள்' என்று சுற்றும் பட்டியல்களில் பல, கம்பஸ் புத்தகங்களில் கண்ணிலேயே படாதவை. நியூசிலாந்து மொழியியலாளர் எவரில் கொக்ஸ்ஹெட், துறை எதுவானாலும் பல்கலைக்கழக நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். பத்துப் பிரிவுகள், அதிகம் பயன்படுபவை முதற்பிரிவில். அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, கொப்பியில் எழுதும் விதம். 'அஸெஸ்', 'எஸ்டிமேட்', 'எவல்யுவேட்' மூன்றுக்கும் அகராதி 'மதிப்பிடு' என்றே சொல்லும். அதோடு நின்றால் எழுதும்போது எது பொருந்தும் என்று தெரியாமல் கை நின்றுவிடும். மட்டக்களப்பில் வெள்ளம் வடிந்ததும் வயலில் சேதம் எவ்வளவு என்று உத்தியோகத்தர்கள் வந்து ஆராய்வது அஸெஸ். எத்தனை இலட்சம் நட்டம் என்று குத்துமதிப்பாகத் தொகை சொல்வது எஸ்டிமேட். வடிகால் திட்டம் உண்மையில் பலன் தந்ததா என்று எடைபோடுவது எவல்யுவேட். இப்படி உங்களுக்குத் தெரிந்த காட்சியில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் ஆங்கில வசனம் எழுதுங்கள். பக்கத்தில் குடும்பத்தையும் குறியுங்கள்: அஸெஸ், அஸெஸ்மென்ட், ரீஅஸெஸ். 'கன்டினியூவஸ் அஸெஸ்மென்ட்' (தொடர் மதிப்பீடு) என்பது கம்பஸில் வெகு சீக்கிரம் காதில் விழும்.

தமிழ்க் கருத்தை விட்டுவிட வேண்டாம். ஆங்கில-ஆங்கில அகராதி மட்டும்தான் சரி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சொல்லைப் பிடித்துக்கொள்ளத் தமிழே விரைவான வழி.

அப்புறம் மீட்டல். கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மறைத்து, தமிழைப் பார்த்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை, ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டுங்கள். தவறிய சொல் மறுநாள் வரிசைக்குத் திரும்பட்டும். தவறியவை சேர்ந்துவிட்ட நாளில் புதுச் சொல் எதையும் எடுக்காதீர்கள்.