எட்டாத ஏழாம் இடம்: ஆராய்ச்சிக் கல்வி குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறேன். பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு என்கிறது சட்டம். ஆனால் விளம்பரத்தில் என் துறைக்கு நேரே பொதுப்பிரிவு என்றே வருகிறது. 2019-இல் தனிச் சட்டமே வந்த பிறகும் ஏன் இப்படி?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: விழுக்காடு எவ்வளவு என்பதைவிட அதை எதன்மேல் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். 100-ஐ 15-ஆல் வகுத்தால் 6.67. பணியிடங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டே போனால், பட்டியலினத்தவருக்கான முதல் இடம் ஏழாவதாகத்தான் வரும். பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அவர்களுக்கு 4, 8, 12-ஆம் இடங்கள். பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, முதல் இடமே 14-ஆவது. 13 இடங்கள் வரை உள்ள சிறிய அலகுகளுக்கான இந்த வரிசையைத்தான் 13 புள்ளி ரோஸ்டர் (இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல்) என்கிறார்கள்.

இனி, துறையைத் தனி அலகாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று உதவிப் பேராசிரியர் இடங்கள் உள்ள துறையில் மூன்றும் பொது. ஒருவர் ஓய்வு பெற்றால் நான்காம் புள்ளிக்கு நகரும். ஏழாம் புள்ளியைத் தொட நான்கு பேர் வெளியேற வேண்டும். பதினான்காம் புள்ளிக்குப் பதினொரு பேர். முப்பது வயதில் சேர்ந்தவர் 65 வரை பணியில் இருப்பார். பழங்குடி ஆராய்ச்சியாளர் ஒருவர் தன் முறை வரும் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டும். பேராசிரியர் நிலையில் நிலைமை இன்னும் மோசம். இரண்டே இடங்கள் என்றால் ஏழாம் புள்ளிக்கு ஐந்து பேர் போக வேண்டும். ஒரே இடம் என்றால் அதில் இடஒதுக்கீடே கூடாது என்பது 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

முழுப் பல்கலைக்கழகத்தையும் அலகாகக் கொண்டால் கதை மாறுகிறது. 200 புள்ளி வரிசையில் பட்டியலினத்தவருக்கு 30, பழங்குடியினருக்கு 15, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 54 உறுதியாக வந்துவிடும். சட்டம் தரும் விழுக்காடு இரண்டு முறையிலும் ஒன்றுதான். ஆனால் துறை துறையாக நறுக்கும்போது அது கைக்கு வராமல் போகிறது. அலகு துறைதான் என்று 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு மார்ச் 7-இல் அவசரச் சட்டமும், ஜூலையில் நிரந்தரச் சட்டமும் வந்தன. இப்போது மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம்தான் அலகு. ஆனாலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சிலவற்றை அட்டவணை போட்டு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறார்கள். நாட்டின் தலைசிறந்த அறிவியல் கூடங்களை சமத்துவத்தின் எல்லைக்கு வெளியே வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொத்த எண்ணிக்கைக்குத்தான் சட்டம் உறுதி தருகிறது, ஒவ்வொரு பாடத்துக்கும் அல்ல. எந்தப் புள்ளி எந்தத் துறையில் விழுகிறது என்பது ரோஸ்டர் பதிவேட்டில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா?” என்று கேட்டால் “ஆம்” என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். “உதவிப் பேராசிரியர் நிலைக்கான ரோஸ்டர் பதிவேட்டின் நகல், ஒவ்வொரு புள்ளியும் நிரப்பப்பட்ட நாள், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களின் பட்டியல், ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று மூடப்பட்ட நேர்காணல்களின் எண்ணிக்கை” என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். இன்னொன்று, பொது என்று அறிவித்த இடத்துக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். தகுதியில் தேர்வானால் நீங்கள் பொது இடத்தில்தான் கணக்கு. ஒதுக்கீட்டு இடம் குறையாது.

கேள்வி: மகளுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். ஆண்டுச் சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டுவதால் ஓ.பி.சி. சான்றிதழும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, தருமபுரி

பதில்: முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. இரண்டும் மத்தியில் ஓ.பி.சி.க்குள்தான் வரும். ஆனால் சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் தனியாக இருக்க வேண்டும். உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து அதில் இல்லாத பெயர்களும் உண்டு.

தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டில் கிரீமிலேயர் (வசதி படைத்தோரை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் விதி) கிடையாது, மத்தியில் உண்டு. வரம்பு 2017 முதல் 8 லட்சம். ஆனால் 1993 செப்டம்பர் 8-ஆம் நாளிட்ட மத்தியப் பணியாளர் துறையின் ஆணைப்படி, அந்த வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பைத் தாண்டினால்தான் தடை. அரசு ஊழியருக்குப் பார்க்க வேண்டியது பதவியின் நிலை: பெற்றோரில் ஒருவர் நேரடியாகக் குரூப் ஏ பதவியில் சேர்ந்தவராகவோ, இருவருமே குரூப் பி ஆகவோ இருந்தால் கிடைக்காது. ஒருவர் மட்டும் குரூப் பி என்றால் தடையில்லை. மகளின் சொந்த வருமானமும் கணக்கில் வராது.

எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போட்ட வருமானச் சான்றை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போதே சம்பளம், விவசாயம், பிற வருமானம் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். 1993 ஆணையின் நகலையும் இணையுங்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. அழைப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது.

கேள்வி: நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றுச் சேர்ந்தேன். நான்கு மாதமாக உதவித்தொகை வரவில்லை. கல்லூரியில் கேட்டால் டெல்லியில் நிற்கிறது என்கிறார்கள்.
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

பதில்: டெல்லியைச் சந்தேகிக்கும் முன் கல்லூரி அலுவலகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று நிறுவனத்தில் ஒருவர் (மேக்கர்) இணையதளத்தில் பதிய வேண்டும், இன்னொருவர் (செக்கர்) ஒப்புதல் தர வேண்டும். இந்த இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போய், புதியவருக்கு உள்நுழைவு உரிமை வாங்காமல் விட்டால் அந்த நிறுவனத்தின் எல்லா மாணவருக்கும் பணம் நின்றுவிடும். உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களுக்குமா என்று விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உங்களுக்கு மட்டும் என்றால் அடுத்தது வங்கி. பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். இடையில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி ஆதாரைக் கொடுத்திருந்தால் தொகை அங்கே போயிருக்கலாம், அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பியும் போயிருக்கலாம். மூன்றாவது, இரண்டாண்டு முடியும் கட்டம். ஜே.ஆர்.எஃப். 37,000 ரூபாயிலிருந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000-க்கு மாற வழிகாட்டி, துறைத்தலைவர், வெளி வல்லுநர் கொண்ட குழுவின் மதிப்பீடு தேவை. வெளி வல்லுநரின் தேதி கிடைக்காமலே மூன்று மாதம் ஓடிவிடும். ஆகவே 22-ஆம் மாதத்திலேயே தேதியை வாங்கிவிடுங்கள். விடுதியில் இடமில்லை என்ற சான்று இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படியும் சிக்கும்.

நான்கு மாதம் என்றால் 1,48,000 ரூபாய். வீட்டில் வசதி இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். முதல் தலைமுறைப் பட்டதாரி கடன் வாங்குவார் அல்லது டியூஷன் எடுக்கப் போவார். ஆய்வு அங்கேயே பின்தங்கிவிடும். தாமதம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதால்தான் இதை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் ஒதுக்க முடியவில்லை. 37,000 என்ற தொகை 2023 ஜனவரியிலிருந்து கிடைப்பது. அதற்கு முன் நான்காண்டுகள் 31,000. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர்ந்தவருக்கு 2012 முதல் தரப்படுவது 8,000 ரூபாய். சிறுபான்மையினருக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23-இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பல திட்டங்கள் இருக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் அந்தத் திட்டங்களில் சிறுபான்மையினருக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லையே.

கேள்வி: ஆய்வின் நான்காம் ஆண்டில் குழந்தை பிறக்கவிருக்கிறது. பதிவு ரத்தாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: ஆகாது. 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் எட்டு வரை போகலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தரலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். விதியில் இருப்பது “வழங்கலாம்” என்ற சொல் என்பதால் வழிகாட்டி வாய்மொழியாகச் சரி என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். தொடக்க நாள், முடிவு நாள் குறித்துப் பதிவாளரின் ஆணையைக் கையில் வாங்குங்கள். அதன் நகல் உதவித்தொகைப் பிரிவுக்கும் போகட்டும். இல்லையேல் விடுப்பு மாதங்களில் ‘வருகை இல்லை’ என்று பதிந்து பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: ஆய்வேடு சமர்ப்பிக்க ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். அதைப் படித்துப் பாருங்கள். காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். முதல் ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க விருப்பம். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பணம் வருமா?
– ஆசிரியை, விருதுநகர்

பதில்: வரும், ஆனால் பந்தயத்தின் தொடக்கக் கோடு ஒன்றாக இல்லை. 2020-இல் பெண் ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொடங்கிய ‘பவர்’ திட்டத்தையே பாருங்கள். ஐ.ஐ.டி., தேசிய ஆய்வகங்களில் இருப்பவருக்கு மூன்றாண்டுக்கு 60 லட்சம் வரை. மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரியில் இருப்பவருக்கு 30 லட்சம் வரை. ஒன்றுமில்லாத ஆய்வகத்தை உருவாக்க வேண்டியவருக்குப் பாதித் தொகை. இது தலைகீழ்க் கணக்கு. 2023-இல் சட்டமாகி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தனியார் பணம் லாபம் பக்கத்தில் தெரியும் பாடங்களைத்தான் தேடிப் போகும். நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 2020-21 கணக்குப்படி மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அந்தச் சிறு தொகையில் கல்லூரிகளின் பங்கு கடைசியில்தான் வருகிறது.

விண்ணப்பத்தில் பலர் சறுக்கும் இடம் கருவியின் விலை. அரசு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாக இருந்த சலுகை 2022 ஜூலை 18-இல் போய்விட்டது. 10 லட்சம் ரூபாய்க் கருவி அன்று 10.5 லட்சம், 18 விழுக்காட்டில் இன்று 11.8 லட்சம். பழைய விலைப்புள்ளியை வைத்துத் திட்டம் போட்டால் 1.3 லட்சம் துண்டு விழும். அதை ஈடுகட்ட வேதிப்பொருளிலும் உதவியாளர் சம்பளத்திலும்தான் கைவைக்க நேரும். வரி, யு.பி.எஸ்., நிறுவும் செலவு, உத்தரவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு எல்லாம் சேர்ந்த விலைப்புள்ளியை வாங்கியே எழுதுங்கள். தொகை வந்ததும் நாளைக் கடத்தாதீர்கள்: மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்துக்குக் கணக்குக் காட்டி, 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். அந்தச் சான்றில் முதல்வரும் நிதி அலுவலரும் கையெழுத்திட வேண்டும். அவர்களிடம் பிப்ரவரியிலேயே கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.