கேள்வி பதில்: மின்னூட்டம், புலம், அலை

கேள்வி: பேட்டரியுடன் இணைத்த கம்பியிலும் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன, காந்தப்புலமும் உண்டாகிறது. ரேடியோ அலை மட்டும் ஏன் வருவதில்லை?

பதில்: ஓடினால் போதாது, அந்த ஓட்டம் கூடிக் குறைய வேண்டும், அல்லது திசை மாற வேண்டும். அசையாத மின்னூட்டத்துக்கு மின்புலம் மட்டுமே. சீரான வேகத்தில் நகர்ந்தால் காந்தப்புலமும் சேரும். ஆனாலும் இரண்டும் மின்னூட்டத்தை ஒட்டியே வரும், ஆற்றலைப் பிரித்துக்கொண்டு போகாது. முடுக்கம் ஏற்பட்டால் கதை வேறு. இடம் மாறிய செய்தி ஒளியின் வேகத்தில்தான் பரவும் என்பதால், தொலைவில் பழைய புலமும் அருகில் புதிய புலமும் இருக்க, இடையில் ஒரு மடிப்பு விழுகிறது. வெளியே விரையும் அந்த மடிப்புதான் அலை. ஓய்விலுள்ள மின்னூட்டத்தின் புலம் தொலைவு இரு மடங்கானால் கால் பங்காகிவிடும். அலையின் புலமோ பாதியாகத்தான் குறையும். அதனால்தான் வெகுதூரம் போயும் பிடிபடுகிறது. (கம்பியின் வெப்பத்தால் வரும் அகச்சிவப்புக் கதிர் தனிக் கணக்கு.)

கேள்வி: 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். ஒலிபரப்புக்காக 1.5 மீட்டர் கம்பியில் இருமுனை ஆன்டெனா செய்தேன். இரைச்சல் போகவில்லை. நீளம் தவறா?

பதில்: அலைநீளம் 3 மீட்டர், பாதி 1.5. கம்பி முனைகளின் விளைவுக்காகச் சுமார் 5 சதவீதம் கழித்தால் 1.43 மீட்டர்; நடுவில் வெட்டிய ஒவ்வொரு பாதிக்கும், அதாவது கைக்கு, 71 செ.மீ. சொச்சம். ஆனால் இந்தச் சிறு பிழை வானொலி கேட்பதைக் கெடுக்காது. முதலில் கம்பியை நடுவில் வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு கைக்குக் கேபிளின் உட்கம்பி, மறு கைக்கு வெளிவலை. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுப்பகுதியின் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) சுமார் 73 ஓம் என்பதால் 75 ஓம் கோஆக்சியல் கேபிள் பொருந்தும். கம்பியின் முனை ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருந்தால் சிக்னல் ஏறக்குறைய கிடைக்காது. அகலப் பக்கம் அதை நோக்கட்டும். படுக்கையாக வைத்தும் பலவீனமாக இருந்தால் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அப்படியும் கரகரத்தால் கேபிளின் வெளிவலையே ஆன்டெனாவாகி, பக்கத்து எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் இரைச்சலை இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆன்டெனா முனைக்கு அருகே கேபிளில் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்கள் இரண்டு மூன்று மாட்டுங்கள்.

கேள்வி: மின்விசிறியை அணைக்கும்போது மத்திய அலை வானொலி ‘டப்’ என்கிறதே?

பதில்: சுவிட்சு திறக்கும்போது மோட்டார்ச் சுருள் மின்னோட்டத்தை உடனே நிறுத்த விடாது, தொடுமுனைகளுக்கிடையே பொறி பறக்கும். அந்தத் திடீர் மாற்றத்தில் எல்லா அலைவரிசைகளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மத்திய அலை வானொலி அலையின் வீச்சைத்தான் (உயரத்தைத்தான்) ஒலியாக்குகிறது, ஆகவே அதில் உரக்கக் கேட்கும். தொடுமுனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைத்தால் அடங்கும். மின்தேக்கி, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கத் தகுந்த எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண மின்தேக்கிகள் வெடிக்கவோ தீப்பிடிக்கவோ கூடும்.