இரவுக் கூத்தைப் படமெடுக்க, கையைக் கடிக்காத பிரைம் லென்ஸ் எது?

கேனான் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறீர்கள். ஊர்த் திருவிழாவில் நடக்கும் இரவுக் கூத்தையும் வீட்டில் குழந்தையையும் எடுப்பதற்கு, பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் எந்தப் பிரைம் லென்ஸ் (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூத்துதான் முதன்மை என்றால் கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸைத் (எஸ்.டி.எம். என்பது ஓசை குறைந்த ஃபோகஸ் மோட்டார் வகை) தயங்காமல் வாங்குங்கள். குழந்தைதான் முதன்மை என்றால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் நான் பின்னால் சொல்லும் சோதனையைச் செய்து பாருங்கள்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். கோடையில் எங்கள் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, இதே 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் விடிய விடிய விழித்திருந்தேன். தேறிய படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேடத்தின் கிரீடம் தெளிவாக இருந்தால் முகம் கலங்கியிருக்கும், முகம் தெளிந்தால் கை புகை போலத் தெரியும். என் கைதான் நடுங்குகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த லென்ஸில் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அது தணிப்பது நம் கையின் ஆட்டத்தைத்தான், எதிரே சுழன்றாடும் துரியோதனனின் ஆட்டத்தை அன்று. ஆடுபவரை உறையவைக்க ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு ஒளி வேண்டும், குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த ஒளியைத் தர 18-55 லென்ஸால் இயலாது.

கணக்கு எளிது. அந்த லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறவாது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), 50 மி.மீ. பிரைமின் எஃப்/1.8 துளை அதைப்போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200-இல் நொடியில் 15-இல் ஒரு பங்கு கிடைத்த இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில் 140-இல் ஒரு பங்கு கிடைக்கும். நான் முழுவதும் திறக்காமல் எஃப்/2.2-இல் வைத்து, 100-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கிறேன். படம் சற்றுக் கூர்மையாகவும் இருக்கிறது, ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் தாங்குகிறது. 1500டி-யின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகையை (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பற்றிக்கொள்வதை) சேர்ந்தது என்பதால், இரவில் மற்றவற்றை மறந்துவிட்டு அதை மட்டும் வேடத்தின் கண்ணில் வைத்துப் பழகுவது நல்லது.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரைம் வாங்கிவிட்டு வருந்துபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டகக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளதில்) 80 மி.மீ. காட்டும் அளவுக்கே காட்டும். கிரீடத்தோடு ஒருவரைத் தலை முதல் கால் வரை, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டுமானால் சுமார் 15 அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும். கூத்துக் களரியின் ஓரத்தில், தரையில் அமர்ந்திருக்கும் முதல் வரிசையோடு நீங்களும் அமர்ந்தால் அந்தத் தூரம் தானாக அமைந்துவிடுகிறது. பத்தடி அறையில் தவழும் குழந்தையை எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும். முகம் மட்டும் போதும் என்று ஒரு மீட்டர் வரை நெருங்கினாலோ, எஃப்/1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கிவிடும்.

வீட்டுக்கு ஏற்றது கேனானின் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்.டி.எம்.; பிஸ்கட் போல் தட்டையானது, எடை 125 கிராம். மேலே சொன்ன 15 அடி இதில் ஏழடியாகச் சுருங்கும். ஆனால் ஒளியில், 18-55 லென்ஸை அதே 24 மி.மீ.யில் வைத்துப் பெறுவதைப்போல் இரு மடங்குக்குமேல் எதிர்பார்க்க முடியாது என்பதால், கூத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதனை இதுதான்: உங்கள் 18-55 லென்ஸின் ஜூம் வளையத்தை 50-இல் நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே எடுங்கள்; அடுத்த வாரம் 24-இல் ஒட்டுங்கள். எந்த வாரத்தில் டேப்பைப் பிய்க்கக் கை துடிக்கிறதோ அந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டாம்.

பழைய லென்ஸைப் பற்றியும் ஒரு சொல். 1990-இல் வந்த முந்தைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இன்னும் மலிவாகக் கைமாறுகிறது. அதன் பொருத்து வளையம் பிளாஸ்டிக், மோட்டார் இரைச்சலிடும், துளை இதழ்கள் ஐந்தே என்பதால் பின்னணியில் தொங்கும் சீரியல் விளக்குகள் ஐங்கோணங்களாக விழும். 2015-இல் வந்த எஸ்.டி.எம். லென்ஸில் பொருத்து வளையம் உலோகம், இதழ்கள் ஏழு. கிட்டே நெருங்கும் தூரமும் 45 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ.யாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்துக்காக நான் முதலில் பெங்களூரில் ஒரு கடையில் பழையதைத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போன பேருந்துக் கட்டணத்தோடு, மிச்சமும் போயிற்று. நீங்களும் பழையதுதான் என்று முடிவு செய்தால், டார்ச்சைக் கடைக்கே எடுத்துச் சென்று பின்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள்.

நண்பரிடம் நிக்கான் இருந்து அவரும் வாங்க நினைத்தால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, ஆகவே 50 மி.மீ. எஃப்/1.8டி அவற்றில் தானாக ஃபோகஸ் செய்யாது, ஏ.எஃப்.எஸ். என்று பெயரில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. உங்களிடம் உள்ள 58 மி.மீ. மூடியும் ஃபில்டரும் மட்டும் புதிய 50-இல் பொருந்தா. அதன் வாய் 49 மி.மீ.