காந்தப் படலம் படித்தால் வேலை உண்டா? பாடாங் செராய் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

"மகள் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படித்து காந்தத்தில் வேலை பார்க்கப் போகிறாளாம், அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அந்த வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

காந்தப்புலம் மாறினால் மின்தடை மாறும் மிக மெல்லிய உலோகப் படலங்கள் உண்டு. நிக்கல் 80 சதவீதம், இரும்பு 20 சதவீதம் கலந்த பெர்மலாய் அதில் ஒன்று. சுழலும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் சென்சார்களில் இது இருக்கிறது. இதற்கு ஒரு குறை: புலம் சுழியருகே இருக்கும்போது மின்தடை அசையாது, வடக்கா தெற்கா என்றும் பிரித்துச் சொல்லாது. படலத்தின் காந்தத்தை மின்னோட்டத்துக்கு 45 பாகை சாய்த்து வைத்தால் இரண்டு குறையும் தீரும். அப்படிச் சாய்த்துப் பிடிக்க ஒரு வழி, பக்கத்திலேயே நிரந்தரக் காந்தப் படலம் ஒன்றைப் படியவைப்பது. ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் தலையிலோ இந்த நிரந்தரக் காந்தப் படலம் இருபுறமும் நின்று, நடுவிலுள்ள சென்சார் படலத்தின் காந்தம் தாவித்தாவி இரைச்சல் எழுப்பாமல் காக்கிறது.

அந்த நிரந்தரக் காந்தப் படலத்தைச் செய்வது இப்படி: வெற்றிட அறைக்குள் ஸ்பட்டரிங் முறையில், அதாவது உலோகத்திலிருந்து அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைக்கும் முறையில், முதலில் குரோமியம் சுமார் 5 நானோமீட்டர், அதன்மேல் கோபால்ட்-குரோமியம்-பிளாட்டினம் 20 முதல் 40 நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். வேலை கெடுவது பெரும்பாலும் அந்தக் குரோமியத்தில்தான். அறையில் ஈரம் தங்கி அது ஆக்சிஜன் ஏறிப்போனால், மேலே வளரும் கோபால்ட் படிகங்கள் படுக்காமல் எழுந்து நிற்கும். 1,500 எர்ஸ்டெட்டுக்கு (காந்தப்புல அலகு) மேல் எதிர்ப்புலத்தைத் தாங்க வேண்டிய காந்தம் அதற்கு முன்பே புரண்டுவிடும். தடிமன் கூடினாலும் தொல்லை: சென்சார் விறைத்துப்போய் உணர்திறன் குறையும். சமேரியம்-கோபால்ட் இதைவிட வலிமையானது, ஆனால் அது படிகமாக 400 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்திலுள்ள மெல்லிய சென்சார் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இனி வேலை. காந்தப் படலம் மட்டுமே செய்யும் இடங்கள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஸ்பட்டரிங் இயந்திரமும் வெற்றிடப் பம்பும் தடிமன் அளவீடும் சிப் தொழிற்சாலைக்கும் அதேதான். அத்தகைய தொழிற்சாலைகள் உள்ள கூலிம் ஹைடெக் பார்க் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. ஆகவே மகள் "காந்தம்" என்று குறுக்கிக்கொள்ளாமல் "மென்படலம்" என்று நினைத்துப் படிக்கட்டும்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றையும் விடக்கூடாது. பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேசன் அல்லது எஸ்.டி.பி.எம்., அங்கிருந்து நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகம், அல்லது பெர்லிஸ் பல்கலைக்கழகம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால், கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படித்து டெக்னீஷியனாகச் சேரலாம். இரவு ஷிப்ட் இருக்கும். தொழிற்சாலை பஸ் உங்கள் பக்கம் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உண்டு.

அவளுக்கு இதில் உண்மையான ஆர்வமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பேசியில் காந்தமானி செயலி ஒன்றைப் போட்டு, போனை மர மேசையில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். இரும்புக் கால் மேசையும் காந்தப் பூட்டுள்ள கவரும் வேண்டாம். காந்தம் இல்லாமலே நம் ஊரில் மொத்தம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா (இதுவும் காந்தப்புல அலகு) காட்டும். அது பூமியின் புலம். பிறகு சின்ன வட்டக் காந்தம் ஒன்றை ஒரே கோட்டில் 10, 15, 20 சென்டிமீட்டரில் வைத்து, செயலி காட்டும் x, y, z அச்சுகளில் ஒரே அச்சின் அளவை மட்டும் எழுதி, காந்தம் இல்லாதபோது அந்த அச்சு காட்டிய அளவைக் கழிக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் அளவு ஏறக்குறைய எட்டில் ஒன்றாக வேண்டும். பிரிட்ஜில் ஒட்டும் தகட்டில் வடக்கும் தெற்கும் கோடுகோடாக மாறிமாறி வருவதால் அது இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

எட்டில் ஒன்று வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவள் தானே தேடுகிறாளா என்று கவனியுங்கள். அந்தத் தாளோடு பள்ளி இயற்பியல் ஆசிரியரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா.