கடற்கரையில் பிடிபடும் கஞ்சா, ஐஸ் வழக்குகள் கோர்ட்டில் நிற்க எஸ்.ஐ. பயிற்சியில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

முதலில் எடை. ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், வேதாளை பக்கம் இலங்கைக்குப் படகேறக் காத்திருக்கும் கஞ்சா பெரும்பாலும் மூட்டையாக வரும். போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி (NDPS) 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஜாமீனும் கடினம். ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கு வெறும் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு.

கடலில் நனைந்த 21 கிலோ மூட்டை காய்ந்ததும் 20-க்குக் கீழே இறங்கலாம். சாக்கு, பிளாஸ்டிக் உறையோடு மட்டும் எடை போடாதீர்கள். மொத்த எடை, நிகர எடை இரண்டையும் மகஜரில் (பறிமுதல் பதிவில்) எழுதி, ஈரமாக இருந்ததையும் குறிப்பிடுங்கள். கடல்காற்றில் தராசு ஆடும். காற்று படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்து அதே சட்டத்தின் 50-வது பிரிவு. "கெஜட்டட் அதிகாரி முன் சோதனை வேண்டுமா?" என்று பிடிபட்டவரிடம் கேட்டால் போதாது. கெஜட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதனையிடக் கோர உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். இது உடல் சோதனைக்கு மட்டுமே. கைப்பைக்கோ படகுக்கோ பொருந்தாது.

மாதிரியை மணலில் உட்கார்ந்து எடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2022 விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும்: கஞ்சா என்றால் குறைந்தது 24 கிராம், ஐஸ் என்றால் குறைந்தது 5 கிராம், இதே அளவில் இரண்டு மாதிரிகள்.

வாக்குமூலத்தை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள். 67-வது பிரிவில் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவையெல்லாம் போதைப்பொருள் வழக்குக்கு; பீடி இலை, மஞ்சள் மூட்டை பிடிபட்டால் அது சுங்கச் சட்டத்தின் கீழ் வரும்.